டிசைன், பிரிண்டிங் வேலைக்கு புது சிஸ்டம் எடுக்குறவங்களுக்கு: வடசென்னையில இருந்து ஒரு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர்னு நம்ம பக்கம் புதுசா டிசைனிங் கடை போடுற யாரு வந்தாலும் மொத கேள்வி "அண்ணா, ஐ5 போதுமா, ஐ7 எடுக்கணுமா" தான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. யூட்யூப்ல கேமிங் பசங்க போடுற கணக்கு நமக்கு ஒத்து வராது, அவங்களுக்கு கிராபிக்ஸ் கார்டு தான் உசுரு, நமக்கு மானிட்டர், ராம், யூபிஎஸ், அப்புறம் ஒழுங்கான பில்லு. நான் லோனுக்கும் கோட்டேஷனுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் மாறி மாறி அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுறேன், நீங்க அலைய வேணாம்.

1. கம்ப்யூட்டர் கடைக்கு முன்னாடி பிரஸ்ஸுக்கு போங்க

நீங்க டிசைன் மட்டும் போட்டு வெளிய பிரிண்ட் எடுக்கப் போறீங்கன்னா, எந்த ஆஃப்செட் பிரஸ், எந்த ஃப்ளெக்ஸ்காரர்னு முடிவு பண்ணிட்டு அவங்க கிட்ட போய் உக்காருங்க. கேக்க வேண்டியது: ஃபைல் எதுல வேணும், பிடிஎஃப்பா, டிஃப்பா, கோரல்ட்ரா (டிசைன் போடுற சாஃப்ட்வேர்) ஃபைலேவா. கோரல்னா எந்த வெர்ஷன்? நம்ம ஊர்ல பாதி பிரஸ்ல இன்னும் பழைய கோரல் தான் ஓடுது, நீங்க புது வெர்ஷன்ல சேவ் பண்ணி அனுப்பினா அங்க திறக்காது, சேவ் பண்ணும்போது வெர்ஷன இறக்கி வெக்கணும். எழுத்த கர்வ் பண்ணி, அதாவது ஃபான்ட் இல்லாமலே திறக்குற மாதிரி படமா மாத்தி, தரணுமா? பேனருக்கு எத்தன டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளி)? ப்ளேட் போடுற இடத்துல என்ன பிரச்சன வரும்? இந்த பதில் கைல இல்லாம ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைல போய் நின்னீங்கன்னா கடைக்காரர் அவர்கிட்ட தேங்கி நிக்கிற சரக்க உங்க தலைல கட்டுவாரு.

சொந்தமா ஃப்ளெக்ஸ் மெஷினோ கட்டிங் ப்ளாட்டரோ இருக்குன்னா கதை வேற. மெஷினோட ரிப் சாஃப்ட்வேர் (டிசைன மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துறது), டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓட சொருகுற சாவி), ட்ரைவர் எந்த விண்டோஸ்ல ஓடும்னு மெஷின் சர்வீஸ் ஆள் கிட்ட வாட்ஸப்ல எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க, வாய்ல சொன்னத அப்புறம் "நான் அப்டி சொல்லலியே"ம்பாங்க. ரிப் பெரும்பாலும் விண்டோஸ்ல தான் ஓடும், அதனால மேக் வாங்குற ஆச இருந்தா டிசைனுக்கு மட்டும் வெச்சுக்கலாம், மெஷினுக்கு தனியா ஒரு விண்டோஸ் பெட்டி வேணும்.

2. உங்க பெரிய ஃபைல வெச்சு ராம் கணக்கு போடுங்க

எவ்ளோ ராம் வேணும்னு யார கேட்டாலும் ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லுவாங்க. நீங்களே போட்டுப் பாருங்க. ஏ4 சைஸ் பத்திரிகை, 300 டிபிஐ, சிஎம்ஒய்கே (பிரிண்டோட நாலு இங்க் கலர்): 2480க்கு 3508 பிக்சல், ஒரு லேயருக்கு சுமார் 35 எம்பி. இதுக்கு 16 ஜிபி ராமே தாராளம்.

இப்ப ஆடி மாச கூழ் ஊத்துற பேனர் எடுங்க, 20க்கு 10 அடி. 72 டிபிஐல போட்டாலே 17,280க்கு 8,640 பிக்சல், ஒரு லேயர் மட்டும் 600 எம்பி கிட்ட வரும். அம்மன், பின்னாடி கோபுரம், கீழ விழாக்குழு ஆளுங்க வரிசையா நாப்பது மூஞ்சி, ஒவ்வொண்ணும் தனி லேயர், ஷேடோ, க்ளோன்னு போட்டா 32 ஜிபி இல்லாம ஓடாது. இதையே தெரியாத்தனமா 300 டிபிஐல ஒருத்தர் திறந்தா ஒரு லேயரே 10 ஜிபிய தாண்டிடும், எந்த சிஸ்டமும் படுத்துடும், அது சிஸ்டத்தோட குத்தம் இல்ல. பெரிய பேனர கால்வாசி சைஸ்ல போட்டு பிரிண்ட்ல பெருக்குறது தான் நம்மாளுங்க வழக்கம், பிரஸ்காரர் கிட்ட கேட்டுட்டு செய்ங்க. இன்னொண்ணு, சாதா பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபிக்கு மேல சேவ் ஆகாது, ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேலயும் போகாது, அப்போ பிஎஸ்பி ஃபார்மேட்ல வெக்கணும்.

ஆக, கார்டு, பில் புக், நோட்டீஸ்னா 16. பேனர், போஸ்டர்னா 32. 32 எடுத்தா 16, 16னு ரெண்டு குச்சியா எடுங்க, ஒரே குச்சியா போட்டா வேகம் கொறையும். ஆனா போர்டுல ராம் ஸ்லாட் நாலு இருக்கான்னு பாருங்க, ரெண்டே ஸ்லாட் இருக்குற சீப் போர்டுல நாளைக்கு ஏத்த இடம் இருக்காது. டிடிஆர்4 போர்டுல டிடிஆர்5 ஏறாது, கோட்டேஷன்ல எதுன்னு எழுதச் சொல்லுங்க.

3. ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு

சீக்கிரம் முடிச்சிடலாம். கோரல், இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் மூணுமே பெரும்பாலும் ஒரு கோர் எவ்ளோ வேகமா ஓடுதுங்கறத தான் நம்பியிருக்கு. புது தலைமுறை ஐ5 இல்ல ரைசன் 5, ஆறு கோர் இருந்தா போதும். ஐ7க்கு போற காச மானிட்டர்ல போடுங்க. இன்டெல் மாடல் நம்பர் கடைசில எஃப்னு இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாம டிஸ்ப்ளேவே வராது, விலை கம்மின்னு எடுத்துட்டு வந்து முழிக்காதீங்க.

கார்டு, வீடியோ எடிட்டிங்கும் செய்றவங்களுக்கு வேணும். வெறும் பிரிண்ட் வேலைன்னா மொதல்ல இல்லாமலே ஓட்டலாம், அப்புறம் போட்டுக்கலாம். போடுறதுன்னா ஒரு பொறி இருக்கு: ஆர்டிஎக்ஸ் 3050ங்கற ஒரே பேர்ல 8 ஜிபியும் வருது, 6 ஜிபியும் வருது. மெமரி மட்டும் வித்தியாசம் இல்ல, 6 ஜிபி கார்டு உள்ளயும் சின்னது. ரெண்டுக்கும் ஒரே பேர சொல்லி விலைய கலந்து சொல்லுவாங்க.

செகண்ட் ஹேண்ட்: "ஆபீஸ் மெஷின் தம்பி, ஐ7, 16 ஜிபி, அடிமாட்டு விலை"ன்னு நாலாவது, ஆறாவது தலைமுறை பெட்டிய காட்டுவாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா வேணும்னா இன்டெல் எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். அதுக்கு கீழ இருக்குற ஐ7 உங்களுக்கு வேணாம், எவ்ளோ சீப்பா இருந்தாலும் சரி.

4. எஸ்எஸ்டி

விண்டோஸுக்கும் ஓடிக்கிட்டிருக்குற வேலைக்கும் 500 ஜிபியோ 1 டிபியோ என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி). முடிஞ்ச வேலைய போட்டு வெக்க 2 டிபி சாதா ஹார்ட் டிஸ்க். ஃபோட்டோஷாப்ல ஸ்க்ராட்ச் டிஸ்க் (ராம் பத்தாதப்போ தற்காலிகமா எழுதுற இடம்) எஸ்எஸ்டில இருக்கணும், ஹார்ட் டிஸ்க்ல விட்டா ராம் நெறஞ்ச உடனே மெஷின் ஆமை மாதிரி நகரும். பேக்கப்புக்கு வெளிய ஒரு டிரைவ், அத கடைல வெக்காம வீட்டுக்கு எடுத்துட்டு போங்க.

5. மானிட்டர்

காசு போட வேண்டிய இடம் இது தான், மொத்த பட்ஜெட்ல கால் பங்கு இதுக்கு ஒதுக்குங்க. பிரிண்ட்ல வர்ற சண்ட முக்காவாசி மானிட்டர்ல இருந்து வர்றது. கல்யாண பத்திரிகைல சந்தன கலர்னு காட்டி ஓகே வாங்கியிருப்பீங்க, அடிச்சு வந்தா லேசா ரோஸ் அடிக்கும், பொண்ணு வீட்ல "நீங்க காட்டினது வேற, குடுத்தது வேற"ன்னு நிப்பாங்க, ஆயிரம் பத்திரிகையும் உங்க தலைல.

பாக்க வேண்டியது: ஐபிஎஸ் பேனல் (சைடுல பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாதது), எஸ்ஆர்ஜிபி (மானிட்டர் எவ்ளோ கலர் காட்டும்ங்கற கணக்கு) 99 இல்ல 100 சதவீதம். டப்பால "45% என்டிஎஸ்சி"ன்னு (இதுவும் கலர் கணக்கு தான்) போட்டிருந்தா அது ஆபீஸ் மானிட்டர், தொடாதீங்க. "72% என்டிஎஸ்சி"ன்னு போட்டிருந்தா அது ஏறக்கொறைய முழு எஸ்ஆர்ஜிபிக்கு சமம், எடுக்கலாம். 24 இஞ்சுக்கு ஃபுல் எச்டி சரி. 27க்கு போனா 2560க்கு 1440 இருக்கணும், 27ல ஃபுல் எச்டி எடுத்தா எழுத்து ஓரமெல்லாம் பல்லு பல்லா தெரியும். கேமிங் மானிட்டர்ல 165 ஹெர்ட்ஸ்னு பெருசா போட்டிருப்பான், நமக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடைக்கு போகும்போது பென் டிரைவ்ல நீங்க ஏற்கனவே அடிச்ச ஒரு வேலையோட ஃபைலும், கைல அந்த அச்சடிச்ச தாளும் எடுத்துட்டு போங்க. மானிட்டர்ல ஃபைல திறந்து பக்கத்துல தாள புடிச்சு பாருங்க. மூஞ்சி கலர், மஞ்சள், மெரூன் இந்த மூணும் கிட்ட வருதான்னு பாருங்க. சைடுல நின்னு பாருங்க, கலர் மாறினா வேணாம். கிளிப்பச்சையும் பளீர் நீலமும் எந்த மானிட்டர்லயும் தாளோட ஒத்துப் போகாது, அந்த கலர் நாலு இங்க்ல வரவே வராது, அத வெச்சு மானிட்டர திட்டாதீங்க.

வாங்கி வந்த உடனே பிரைட்னஸ கொறைங்க. கம்பெனில இருந்து வரும்போது கண்ண பறிக்கிற மாதிரி வெச்சிருப்பாங்க, அதுல பாத்துட்டு பிரிண்ட பாத்தா எல்லாமே இருட்டா தெரியும், "பிரிண்ட் டல்லா அடிச்சிட்டான்"னு பிரஸ்காரர் மேல பாய்வோம். பிரிண்ட் வேலைக்கு 120 நிட்ஸ் (வெளிச்சத்தோட அளவு) கிட்ட போதும். மானிட்டர் கலர சரி பண்ற ஸ்பைடர் மாதிரி கேலிப்ரேட்டர் கருவி தனியா வாங்குறது சின்ன கடைக்கு பாரம், பக்கத்துல ரெண்டு மூணு கடை சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி வெச்சுக்கலாம். ரெண்டாவது மானிட்டரா பழசு எதையாவது பக்கத்துல வெச்சா டூல்ஸ், வாட்ஸப் வெக்க மட்டும் வெச்சுக்கோங்க, கஸ்டமருக்கு அதுல டிசைன் காட்டாதீங்க.

6. கரண்ட், உப்புக்காத்து, வெள்ளம்

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எப்பவும் ராத்திரி 11 மணிக்கு தான் வரும். "அண்ணே, விடியறதுக்குள்ள ஒட்டணும்ணே"னு அழுதுகினு நிப்பாங்க, அந்த நேரத்துல கரண்ட் ஒரு நொடி போய் வந்தா வேலை மொத்தமும் போச்சு. 600 விஏ யூபிஎஸ் தாங்கும்னு கடைல சொல்லுவாங்க, அதுல நெசமா கிடைக்கிறது 360 வாட்ஸ் அளவு தான், தனி கார்டு இருக்குற சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்தா மூச்சு வாங்கும். 1 கேவிஏ எடுங்க. பேட்டரி வாரன்டி தனியா, யூனிட் வாரன்டி தனியா, ரெண்டையும் பில்லுல எழுதச் சொல்லுங்க. லேசர் பிரிண்டர யூபிஎஸ்ல சொருகாதீங்க, சூடாகுறப்போ இழுக்குற இழுப்புல யூபிஎஸ் ட்ரிப் ஆகிடும்.

எஸ்எம்பிஎஸ்ல (சிஸ்டத்துக்கு உள்ள கரண்ட் குடுக்குற பெட்டி) மிச்சம் புடிக்காதீங்க. கேபினெட்டோட இலவசமா வர்றது வேணாம், பேர் தெரிஞ்ச கம்பெனில 80 ப்ளஸ் ப்ரான்ஸ் 450, 550 வாட்ஸ் எடுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே எலெக்ட்ரீஷியன கூப்ட்டு கடை எர்த்த பாக்கச் சொல்லுங்க, பழைய கட்டடத்துல மூணு பின் ப்ளக் இருக்கும், உள்ள எர்த் வயர் இருக்காது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரமா இருந்தா உப்புக்காத்துல காண்டாக்ட் எல்லாம் பச்ச பூக்கும். எண்ணூர் பக்கம் சாம்பல் தூசி. இதோட பிரஸ்ல தாள் தூசி, ஃப்ளெக்ஸ் இங்க் வாடை வேற. டஸ்ட் ஃபில்டர் கழட்டி கழுவுற மாதிரி இருக்குற கேபினெட்டா பாருங்க, கலர் லைட் எரியுறதுக்காக வாங்காதீங்க. சிபியூவ தரைல வெக்காதீங்க, டேபிள் மேல தான். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கீழ்த்தள கடைங்க என்ன ஆச்சுன்னு அங்க யார கேட்டாலும் சொல்லுவாங்க.

7. சாஃப்ட்வேரும் தமிழ் எழுத்தும்

சிஸ்டம் விலைய மட்டும் போட்டுட்டு சாஃப்ட்வேர மறந்துடுறாங்க. அடோபி மாச சந்தா இல்ல வருச சந்தா, கோரல் வருசத்துக்கும் கிடைக்கும், ஒரே தடவயா வாங்குறதும் உண்டு. மொத வருச செலவுல இதையும் சேருங்க. கிராக் போட்டுத் தரேன்னு கடைக்காரரே சொல்லுவாரு, அதோட கூடவே வர்ற வைரஸ் ஒரு நாள் எல்லா ஃபைலையும் பூட்டிட்டு பணம் கேக்கும், சீசன்ல அது நடந்தா கடைய மூட வேண்டியது தான். கையில காசு இல்லன்னா இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்க்ரைபஸ் இலவசம், அதுல ஆரம்பிங்க. விண்டோஸ் கீ சில நூறு ரூபாய்க்கு விக்கிறத வாங்காதீங்க, இன்னிக்கு ஆக்டிவேட் ஆகும், நாளைக்கு என்னன்னு சொல்ல முடியாது.

தமிழ் ஃபான்ட் தான் நம்ம ஊர் தனிப் பிரச்சன. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச மேட்டர் கஸ்டமர் கிட்ட இருந்து இன்னும் வரும், புதுசா வாட்ஸப்ல வர்றது எல்லாம் யூனிகோட். ரெண்டுக்கும் தயாரா இருங்க, கன்வர்ட்டர் ஒண்ணும் தமிழ்99 கீபோர்டும் போட்டு வைங்க. பழைய டைப் 1 ஃபான்ட் சேத்து வெச்சிருக்கீங்கன்னா கவனம், 2023 ஜனவரில இருந்து அடோபி அத சப்போர்ட் பண்றத நிறுத்திடுச்சு, புது வெர்ஷன்ல ஃபான்ட் லிஸ்ட்லயே வராது. யூனிகோட் தமிழ ஒட்டும்போது "கொ" ஒடஞ்சு கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நின்னா ஃபான்ட மாத்தி மாத்தி நேரத்த வீணாக்காதீங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்ஸ் போய் டைப் பகுதில இண்டிக் ஆப்ஷன ஆன் பண்ணுங்க, இன்டிசைன்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர தேர்ந்தெடுங்க. ட்ரையல் காலத்துலயே ஒரு முழு பத்திரிகைய தமிழ்ல அடிச்சு பிடிஎஃப் எடுத்து பிரஸ்ல திறந்து பாத்துட்டு அப்புறம் சந்தா கட்டுங்க.

8. லோன், பேப்பர்

கைல காசு இருந்தா லோன் பகுதிய தாண்டிப் போங்க. முத்ரா லோன்ல 50,000 வரைக்கும் சிஷு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர், சொத்து அடமானம் கேக்கக் கூடாது. எடுத்து வைக்க வேண்டியது: ஆதார், பான், உதயம் (சின்ன தொழில் பதிவு) சர்டிஃபிகேட், கடை வாடகை ஒப்பந்தம், ஈபி பில், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், போட்டோ, கோட்டேஷன். உதயம் பதிவு அரசு சைட்ல முழுக்க இலவசம், ஆதார் பான் இருந்தா நீங்களே போட்டுக்கலாம், ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குற ஏஜென்ட்டுக்கு குடுக்காதீங்க.

எனக்கு இழுத்தடிச்சது கோட்டேஷன். கடைக்காரர் துண்டு சீட்டுல எழுதித் தருவாரு, பேங்க்ல திருப்பி அனுப்புவாங்க. லெட்டர்ஹெட்ல, கடையோட ஜிஎஸ்டி நம்பர், பேங்க் அக்கவுன்ட் விவரம், ஒவ்வொரு பார்ட்டோட மாடல் நம்பர், வரி தனியா, சீல், கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கணும். இன்னொரு சிக்கல், கடைல விலை அன்னிக்கு மட்டும் தான் செல்லும், பேங்க்ல லோன் வர வாரக்கணக்கா ஆகும். 2025 கடைசில இருந்து ராம், எஸ்எஸ்டி விலை ஏறின வேகத்துல போன வார கோட்டேஷனே செல்லாம போச்சு. அதனால "15 நாள் செல்லும், விலை மாறினா ராம், எஸ்எஸ்டி மட்டும் மாறும்"னு எழுதித் தர்ற கடையா பாருங்க, வித்தியாசத்துக்கு கைல கொஞ்சம் காசும் வைங்க. பேங்க் பணத்த நேரா கடை அக்கவுன்ட்டுக்கு தான் போடும்.

ஃபோன்ல சொல்ற விலைல ஜிஎஸ்டி இருக்கான்னு கேளுங்க. 80,000ன்னு சொல்லுவாங்க, 18 சதவீதம் சேந்தா 94,400. நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருந்தா பில்லுல உங்க கடை பேரும் 33ல ஆரம்பிக்கிற உங்க நம்பரும் இருக்கணும், அப்போ தான் அந்த 14,400ம் இன்புட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்க, கிடைக்கும். காம்போசிஷன்ல (சின்ன கடைங்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருக்குறவங்களுக்கு கிடைக்காது. ஒரே கடைக்கு ஒரே நாள்ல 10,000க்கு மேல கேஷா குடுத்தா வருமான வரி கணக்குல அந்தத் தொகைக்கு தேய்மானம் (பொருள் பழசாகுறதுக்கு வருசா வருசம் கழிக்கிற செலவு) எடுக்க முடியாது, ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு தேய்மானம் 40 சதவீதம், ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்கு கம்மியா ஓடியிருந்தா பாதி தான், அதனால அக்டோபர் தொடக்கத்துக்குள்ள எடுத்தா லாபம். கணக்கு புக் வெக்காம வரவுல இத்தன சதவீதம் லாபம்னு காட்டி வரி கட்றவங்களுக்கு இது பொருந்தாது.

9. எப்போ போறது, எப்படி எடுக்குறது

கார்டு வேலை செய்றவங்களுக்கு ஆடியும் மார்கழியும் தான் காத்து வாங்குற மாசம், அப்போ சிஸ்டம் மாத்துங்க. பேனர் போடுறவங்களுக்கு நேர் எதிர், ஆடில மூச்சு விட நேரம் இருக்காது, நம்ம ஏரியால தெருவுக்கு ஒரு அம்மன் கோயில். ஆனில மாத்திடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைல இருந்து மெட்ரோவுல நேரா அரசினர் தோட்டம் இறங்கி நடந்துடலாம். ஞாயித்துக்கிழம போகாதீங்க. மூணு கடைல ஒரே லிஸ்ட குடுத்து விலை வாங்குங்க, "அதே மாதிரி தான் சார், கம்பெனி மட்டும் வேற"ன்னு எஸ்எம்பிஎஸ்ஸையும் போர்டையும் மாத்துவாங்க, அங்க தான் விலை கொறையும். ரொம்ப தூரத்துல 500 ரூபா கம்மின்னு போகாதீங்க, சர்வீஸுக்கு நீங்க தான் தூக்கிட்டு போகணும்.

10. அசெம்பிள் பண்ற அன்னிக்கு

கூடவே நில்லுங்க. டப்பா சீல உங்க முன்னாடி கிழிக்கச் சொல்லுங்க, ப்ராசஸர் டப்பாவோட வருதா, தனியா ட்ரேல வருதான்னு பாருங்க, ட்ரேல வந்தா வாரன்டி யார் தர்றாங்கன்னு எழுதி வாங்குங்க. எல்லா சீரியல் நம்பரும் பில்லுல ஏறணும், "சிஸ்டம் 1"னு ஒரே வரில போட்ட பில்லு சர்வீஸ் சென்டர்ல செல்லாது. காலி டப்பாவெல்லாம் வாங்கிட்டு வாங்க, பில்ல போட்டோ எடுத்து மெயில்ல போட்டுடுங்க, அந்த தெர்மல் தாள்ல எழுத்து சில மாசத்துலயே மறைஞ்சிடும்.

சிபியூ-இசட் போட்டு ப்ராசஸர், ராம் பாருங்க, ரெண்டு சேனலும் ஓடுதான்னு அதுலயே தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு எஸ்எஸ்டி எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க, புதுசுன்னா ஏதோ ஒண்ணு ரெண்டு மணி தான் இருக்கணும், நூத்துக்கணக்குல இருந்தா கழட்டச் சொல்லுங்க. அப்புறம் உங்க கனமான பேனர் ஃபைல திறந்து, திருப்பி, ப்ளர் போட்டு, சேவ் பண்ணிப் பாத்துட்டு மீதி காச அனுப்புங்க.

11. பழைய சிஸ்டத்த உடனே குடுத்துடாதீங்க

எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டாயிரமோ மூவாயிரமோ தருவேன்னு சொல்லுவாங்க, வேணாம். பழைய கோரல், பழைய ஃபான்ட், ஏதோ ஒரு கஸ்டமரோட பழைய பில் புக் ஃபைல் எல்லாம் அதுல தான் திறக்கும். நெட்ட புடுங்கிட்டு ஓரமா வைங்க, ஒரு சீசன் முழுக்க புதுசுல ஓடி முடிச்ச அப்புறம், ஹார்ட் டிஸ்க்க கழட்டி வெச்சுக்கிட்டு மீதிய குடுங்க.